பதினாலாம் கேள்வி

ராசமலரின் வலது கை தோளுக்கு மேலே போகாது. டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரத்துப் பின்னலாடைத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் கழுத்துப் பட்டி தைத்த கை அது. தொழிற்சாலையைப் போலந்துக்குக் கொண்டுபோனார்கள். மெசின்கள் கப்பல் ஏறின, கை இங்கே கிடந்தது. கொமூன என்கிற நகரசபைக்காரர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, இதோடு துப்புரவு வேலைக்கும் போகமுடியாது, படியுங்கள் என்றார்கள். படிக்கவா என்று அவள் கேட்கவில்லை. யா என்றாள். ஓம் என்பதற்கு டேனிஷில் அவள் முதன்முதலில் பழகிய சொல் அதுதான், கடைசிவரை அவளுக்குக் கைகொடுத்த சொல்லும் அதுதான்.

நாற்பதாவது வயதில் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் இருந்தாள். வேலையும் உடல்நலமும் பற்றிய படிப்பு. காலையில் இக்காஸ்டில் ரயில் ஏறி ஓகூஸ் போய், பின்னேரம் அதே ரயிலில் திரும்புவாள். சும்மா சொல்லக்கூடாது, படித்தாள். மூன்றாம் வருடம், இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம், பட்டத்துக்கான ஆய்வு எழுத வேண்டி வந்தது. மற்றப் பிள்ளைகள் ஒரு வழிகாட்டியோடு சின்னதாக எழுதினார்கள். கீர்ஸ்டன் என்ற ஆசிரியை மட்டும் ராசமலரைக் கூப்பிட்டு, "நீங்கள் சிறப்பு ஆய்வு எழுதலாமே, மூன்று பேர் கொண்ட குழுவோடு," என்றாள். ராசமலர் யா என்றாள்.

தலைப்பில் குழப்பம் இல்லை. அவளோடு தைத்த பெண்களின் தோள்தான் தலைப்பு. குழப்பமெல்லாம் அதற்குத் தந்த படிவத்தில் மூன்று வெறுங்கோடுகளாக இருந்தது. மூன்று ஆசிரியர்களை மாணவியே தெரிவு செய்து, போய்க் கேட்டு, கையெழுத்து வாங்க வேண்டும்.

அவளுடைய கணவன் தேவராசா வைலேயில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறவர். படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தார்.

"பெரிய ஆளாப் பாத்துப் பிடியும். பேராசிரியர் ஒருத்தர் கையெழுத்து வைச்சா மற்றவை வாய் திறக்க மாட்டினம்."

"அவருக்கு என்ர தலைப்பைப் பற்றி ஒண்டும் தெரியாதப்பா."

"தெரிஞ்சென்ன, தெரியாமலென்ன? எங்கட கலியாணப் பேச்சுக்கு உம்மட பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தவை. அவருக்கு என்னைப் பற்றித் தெரியுமே?"

"தெரிஞ்சிருந்தா ஓமெண்டு சொல்லியிருக்க மாட்டார்."

மகள் சுஜீதா சிரித்தாள். அவள் பதினேழு வயதுக்காரி, தாய் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிறவள். தலைப்புக்கு யார் பொருத்தமோ அவர்களைக் கேட்டால் போதும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று டேனிஷில் சொல்லிவிட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தாள்.

யோசிக்க இருந்தது. முதல் வருடம் ராசமலரின் டேனிஷைச் சிவப்புப் பேனையால் திருத்தித் திருத்தி ஆளாக்கியவள் கீர்ஸ்டன். அவளைக் கேட்காமல் விடமுடியாது. கணக்கில் தவறியபோது இரண்டாம் முறை எழுத விட்டவர் பேராசிரியர் ஹெனிங். அவரை விட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவாள். அவளுடைய தோளைத் தன் கையால் பிடித்துப் பார்த்து, இது உங்கள் பிழை இல்லை, மெசின் உயரத்தின் பிழை என்று சொன்னவர் பவுல் என்ற வைத்தியர். இப்படி, தனக்கு நல்லது செய்தவர்கள் மூன்று பேரையும் மூன்று கோடுகளில் எழுதினாள். கலியாணத்துக்குச் சொல்லும்போது யாரும் மனம் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொல்வோமே, அப்படி. ஒருவர் எண்ணுகிறவர், ஒருவர் அளக்கிறவர், ஒருத்தி கதை கேட்கிறவள், மூன்று பேரும் மூன்று திசை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதையா முதலில் பார்ப்பது?

"அம்மா, இது பிறந்தநாளுக்குக் கூப்பிடுற லிஸ்ட் இல்லை," என்றாள் சுஜீதா. இதை மட்டும் தமிழில் சொன்னாள்.

மூவரும் சம்மதித்தார்கள். அங்கேதான் அடுத்த பிழை. அந்த நாட்டில் மாணவிதான் குழுவை ஒரு மேசையில் கூட்டி, இன்று இதைப் பேசுவோம் என்று சொல்ல வேண்டும். மூன்று ஆசிரியரை ஆள் அனுப்பிக் கூப்பிடுகிற மாதிரி ஒரு நேரத்துக்கு வரச்சொல்ல ராசமலருக்குக் கை வரவில்லை. ஒவ்வொருவருடைய கதவுக்கும் தானே போனாள். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் அவளுக்கு வாய் வராது, அங்கே ஊரில்போல 'சேர்' என்று சொல்லவும் வழியில்லை. ஆகவே மூன்று வருடமாக யாரையும் ஒன்றும் கூப்பிடாமல், கதவில் தட்டி, தலை நிமிரும்வரை நின்று சமாளித்தாள்.

ஹெனிங் சொன்னார், அறுபது பெண்களிடம் கேள்விக்கொத்து நிரப்ப வேண்டும், அதற்குக் குறைந்தால் எண்ணில் பலம் இல்லை. யா. பவுல் சொன்னார், இருபது பேருடைய தோள் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்க வேண்டும், வாய்ச்சொல்லை நம்பமுடியாது. யா. கீர்ஸ்டன் சொன்னாள், நான்கு பெண்களோடு நீண்ட நேரம் இருந்து அவர்கள் வாழ்க்கையைக் கேட்க வேண்டும், எண்ணும் அளவும் பெரிதில்லை. அதற்கும் யா. அவள் ஏற்றுக்கொண்டது மூன்று ஆய்வு. செய்து முடிக்க இருந்தது ஒரு கையும் நான்கு மாதமும். படிப்புக்குக் கொமூன தந்த அனுமதி ஆனி முப்பதோடு, ஜூன் கடைசியோடு, முடிகிறது. மே மாதம் இருபத்தொன்பதாம் தேதி ஆய்வைக் கொடுக்காவிட்டால் மூன்று வருடமும் போன மாதிரிதான்.

அந்த நான்கு மாதம் எந்த நான்கு மாதம் என்று எல்லாருக்கும் தெரியும். ராசமலரின் தங்கை விமலாதேவி, புருசனோடும் மகனோடும் வன்னியில், கடைசிப் போருக்குள் இருந்தாள். மாசி மாதம் ஐந்தாம் தேதி ஒருமுறை தொலைபேசியில் பேசினாள். புதுக்குடியிருப்பை விட்டு நடக்கிறோம் என்றாள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ராசமலர் ரயிலில் கேள்விக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, தொலைபேசியைக் கேள்விக்கொத்துக்கு மேலே வைத்துக்கொண்டு போய்வந்தாள்.

அறுபது பேரில் முப்பத்தெட்டுப் பேர் டேனிஷ்காரிகள், இருபத்திரண்டு பேர் தமிழ்ப்பெண்கள். டேனிஷ்காரிகள் கோப்பி ஊற்றித் தந்து, ஒரு மணி நேரத்தில் நிரப்பி, கதவுவரை வந்து வழியனுப்பினார்கள். தமிழ் வீடுகளில்தான் கால் சுணங்கியது.

மார்கிரட் அக்கா இவளுக்கு அடுத்த மெசினில் கைமடிப்புத் தைத்தவள். பெந்தெகொஸ்தே சபைக்காரி, சபையில் முதல் வரிசை. தம்பியின் குடும்பம் வன்னியில் மாத்தளன் பக்கம் இருந்தது. சித்திரை மாதம் ஒரு பகல், அவளுடைய குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, ராசமலர் பிளாஸ்டிக் அளவுகோலைத் தோளில் வைத்துக் கையைத் தூக்கச் சொன்னாள். தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் கம்பளிச் சட்டைப் பையில் தொலைபேசி.

"அளவெடுக்கிறாய். சட்டை தைக்கப் போறியோ?"

"கையைத் தூக்குங்கோ அக்கா. வலிக்கிற இடத்தில நிப்பாட்டுங்கோ."

"சபையில தூக்கேக்க இதைவிட மேல போகுமடி. அங்க வாறியெண்டா காட்டுறன்."

"அதை நான் எழுத ஏலாது."

"ஏன் ஏலாது? கர்த்தர் தூக்குவிச்சது எண்டு எழுது."

சிரித்தார்கள். பிறகு கேள்விகளுக்கு வந்தார்கள். பதின்மூன்று வரை தடையில்லை. பதினாலாவது கேள்வி: கடந்த நான்கு வாரத்தில் உங்கள் நித்திரை எத்தனை இரவு குழம்பியது? ஒருநாளும் இல்லை, வாரத்தில் ஓரிரு நாள், ஒவ்வொரு இரவும்.

மார்கிரட் அக்கா தொலைக்காட்சியைப் பார்த்தாள். "நீ என்னட்டக் கேக்கிறாய்," என்றாள்.

"கேக்கத்தானே வேணும்."

"ஒவ்வொரு இரவும். எழுது. கடைசியா தம்பி போன் எடுத்தபிறகு பதின்மூண்டு நாள் கண் மூடேல்லை. பதினாலாம் நாள் குளிக்கிற அறையில விழுந்துபோனன். எழுது."

கேள்வி தோளைப் பற்றியது. ஆனால் கேள்வியில் தோள் என்ற சொல் இல்லை. அதை எழுதியவர் ஹெனிங். தோளைப் பற்றிய கொத்தில் தோளால்தானே நித்திரை குழம்பும் என்று நினைத்திருப்பார். வேறெதனாலும் குழம்பும் என்று அவருக்கு யார் சொல்வது? ராசமலர் ஒவ்வொரு இரவும் என்ற கட்டத்தில் கோடு போட்டாள். மற்றத் தமிழ் வீடுகளிலும் பெரும்பாலும் அதே கட்டத்தில்தான் போட்டாள்.

சித்திரைக் கடைசியில் ஹெனிங் அட்டவணையை அனுப்பினார். டேனிஷ்காரிகளில் முப்பத்தெட்டுக்கு ஒன்பது பேருக்கு ஒவ்வொரு இரவும் நித்திரை இல்லை. தமிழ்ப்பெண்களில் இருபத்திரண்டுக்குப் பத்தொன்பது பேருக்கு இல்லை. கீழே, மிகவும் நல்லது, இப்படிப்பட்ட வித்தியாசம் ஒரு மாணவரின் ஆய்வில் வருவது அபூர்வம் என்று எழுதியிருந்தார். ராசமலர் அந்த அட்டவணையைப் பார்த்தாள். அதில் மார்கிரட் அக்கா ஒருத்தி. அதில் அவளே கேட்ட இருபத்தொரு குரல்கள். நன்றி என்று பதில் அனுப்பினாள்.

மே மாதம் பதினாலாம் தேதி வியாழக்கிழமை. மாணவி கூப்பிடவில்லை என்று கீர்ஸ்டனே குழுவைக் கூட்டினாள். நீளமான மேசை, நான்கு கோப்பைகள். ராசமலர் முந்தின நாள் சாப்பிட்டது எப்போது என்று யோசித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். வழியெல்லாம் தேவராசா சொன்னதுதான் காதில்: "அந்த அட்டவணையை வைச்சு முடிச்சிட்டு வாரும். களைச்சுப்போனீர். ஆர் கேக்கப்போகினம்?" அவர் சொன்னதிலும் பிழையில்லை. யாரும் கேட்கப்போவதில்லை.

ஹெனிங் பக்கத்தைத் திருப்பி நடுவில் வைத்தார். "இதுதான் உங்கள் ஆய்வு. மற்றதையெல்லாம் பின்னால் போடலாம். ஒரே மெசின், ஒரே வேலை, ஆனால் தமிழ்ப்பெண்களுக்குத் தோள்வலி நித்திரையை இத்தனை மடங்கு கெடுக்கிறது. அதை எழுதுங்கள். ஒரு வாரத்தில் முடியும்."

பவுல் தலையாட்டினார். கீர்ஸ்டன் அவள் முகத்தைப் பார்த்தாள். யா என்றால் முடிந்தது. ஒரு வாரம், ஒரு கையெழுத்து, ஆனி முப்பதுக்கு முன்னே பட்டம். வாயில் அந்தச் சொல் வந்து நின்றது. மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"நை," என்றாள் ராசமலர், இல்லை என்று.

சத்தம் பெரிதாக வந்துவிட்டது போலிருந்தது. "இது தோள் இல்லை," என்றாள்.

"பின்னே?"

"அவர்கள் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அதனால் நித்திரை இல்லை."

"எந்தத் தொலைபேசி?" என்றார் பவுல்.

சொன்னாள். கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தில் சனம் அடைபட்டிருப்பதைச் சொன்னாள். இருபத்திரண்டு பேரில் பதினெட்டுப் பேருக்கு அங்கே உறவு இருப்பதைச் சொன்னாள். கோப்பி ஆறியது. மூன்று மாதமாக வாரம் தவறாமல் கண்டவர்கள், ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் கேட்கவில்லை, அவள் சொல்லவுமில்லை.

"உங்களுக்கும் அங்கே யாராவது?" என்றாள் கீர்ஸ்டன்.

"தங்கை."

ஹெனிங் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நான் போன மாதம் அனுப்பினேன். நன்றி என்று எழுதினீர்கள். பிழை என்று அப்போது தெரியுமா?"

"தெரியும்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி அவளிடம் இருக்கவில்லை. அவ்வளவு களைப்பு. "நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள்," என்றாள்.

பவுல் சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார். ஹெனிங் சிரிக்கவில்லை. "சந்தோஷப்படுவதற்கு நான் இந்தக் குழுவில் இல்லை," என்றார். "நான் பிழை விட்டால் சொல்வதற்கு உங்களைத் தவிர இங்கே ஆள் இல்லை. அந்த வீடுகளுக்குப் போனது நானா?" கோபமா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் என்றால் மேசையில் ஒரு தட்டு, கதவு ஒரு அடி என்று தெரிந்துவிடும்.

கீர்ஸ்டன் குனிந்து, இந்த நிலைமையில் மருத்துவக் கடிதத்தோடு கார்த்திகை வரை தவணை கேட்கலாம், நானே எழுதித் தருகிறேன் என்றாள். நல்ல மனசுக்காரி. கார்த்திகையில் கொமூனவின் அனுமதி இருக்காது என்றாள் ராசமலர். அது பாதிக் காரணம். மற்றப் பாதியை அவள் சொல்லவில்லை: இந்தக் கட்டுக் காகிதத்தை இன்னும் ஆறு மாதம் தூக்க உடம்பில் ஒன்றுமில்லை. "இல்லை. இந்த மாதமே தருகிறேன்."

"அப்படியென்றால் எதை விடுகிறீர்கள்?" என்றார் ஹெனிங். "எல்லாவற்றையும் எழுத முடியாது. இதை நாங்கள் சொல்லமாட்டோம்."

இதை அவர் சொல்லியிருக்கலாம் என்று அவள் மனம் ஏங்கியது. காகிதங்களைப் பார்த்தாள். பதினாலாம் கேள்வி இல்லாமல் மற்றக் கேள்விகள் நிற்கும். பவுல் சொன்ன இருபது தோளும் நிற்கும். நான்கு பெண்களின் வாழ்க்கைக்கதை இரண்டு பேரோடு பாதியில் நின்றிருந்தது. அதுதான் கீர்ஸ்டனுடையது. சிவப்புப் பேனைக்காரியுடையது.

"கதைகளை விடுகிறேன்," என்றாள். கீர்ஸ்டனைப் பார்க்க முடியவில்லை.

"சரி," என்றாள் கீர்ஸ்டன். குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரியைக் கோடு போட்டு வெட்டினாள். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அப்படியானால் நான் மொழியைப் பார்க்கிறேன். வேறென்ன?" தை மாதத்திலிருந்து இந்த மனம் நோகக்கூடாது என்றுதானே ராசமலர் மூன்று ஆய்வு சுமந்தாள். நோகவே இல்லை என்று கண்டபோது ஆறுதல் வரவில்லை, சுமந்த தோள்தான் இன்னொருமுறை வலித்தது.

ஒன்றே ஒன்று ஹெனிங் கேட்டார். பதினாலாம் கேள்வியைச் சும்மா எடுத்துவிடக்கூடாது. ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும், பதில் சொன்னவர்களின் பெயரில்லாமல், அவர்கள் சொன்னபடி.

மற்ற நாற்பத்தைந்து பக்கமும் பத்து நாளில் எழுதினாள். அந்த ஒரு பக்கம்தான் எழுதப்படாமல் கிடந்தது. போர் முடிந்தது என்று பதினெட்டாம் தேதி பகல் செய்தி வந்தபோது அவள் அந்தப் பக்கத்தின் மூன்றாவது வரியில் இருந்தாள். தேவராசா வேலையிலிருந்து இடையில் வந்து சப்பாத்தும் கழற்றாமல் கூடத்தில் நின்றார். சுஜீதா பள்ளிக்கூடத்தால் வந்து, தாய்க்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். இரண்டு நாள் அந்த வரி அப்படியே இருந்தது. பிறகு நான்காவது வரியை எழுதினாள். வேறென்ன செய்வது? தேதி தேதியாகவே இருந்தது.

இருபத்தொன்பதாம் தேதி கொடுத்தாள். ஆனி மாதம் வாய்மொழிப் பரீட்சை. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் நாற்பத்தைந்து பக்கத்தையும் விட்டுவிட்டு அந்த ஒரு பக்கத்தைப் பற்றியே கேட்டார். அவள் சொன்னாள். பன்னிரண்டு வரை போகும் புள்ளியில் ஏழு தந்தார்கள். சித்தி, தேறிவிட்டாள். அந்த அட்டவணை இருந்திருந்தால் பத்து வந்திருக்கும் என்று ஹெனிங் கை குலுக்கும்போது ஒளிக்காமல் சொன்னார். தேவராசாவும் அதையே சொன்னார். "ஓமப்பா, வந்திருக்கும்," என்றாள் அவள்.

அந்த வாரம்தான் விமலாதேவி செட்டிகுளம் முகாமில் இருப்பதாகத் தகவல் வந்தது. புருசனும் கூட. மகனைப் பற்றித் தகவலில் இல்லை.

மார்கிரட் அக்கா ஆய்வைப் பார்க்க வேண்டும் என்று ஆள் விட்டாள். ராசமலர் கட்டின பிரதியோடு போனாள். தம்பி போய்விட்டான் என்று அவளுக்குத் தெரியவந்து ஒரு கிழமை. குசினியில் தொலைக்காட்சி அணைந்திருந்தது.

"நான் சொன்னதை வெட்டிப்போட்டாய் எண்டு கேள்விப்பட்டன்."

"ஆர் சொன்னது?"

"உன்ர மனுசன் கடையில வைச்சுச் சொன்னவர். எல்லாம் நான் அழுது அழுது சொன்னது, கோதாரி."

"எண்ணிக்கையில இருந்துதான் எடுத்தனான் அக்கா. வேற பக்கத்தில வைச்சிருக்கிறன்."

"வாசி பாப்பம். தமிழில வாசி."

ராசமலர் அந்தப் பக்கத்தைத் திறந்து, டேனிஷைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள். இந்தக் கேள்விக்கான பதில்கள் மாசிக்கும் சித்திரைக்கும் இடையில் எடுக்கப்பட்டவை. பதில் சொன்னவர்கள் பலருக்கு உறவினர் போர் நடக்கும் இடத்தில் இருந்தார்கள். ஒரு பெண் சகோதரனின் அழைப்புக்காகப் பன்னிரண்டு நாள் நித்திரையின்றி இருந்ததாகச் சொன்னார். இது தோளின் நோய் அல்ல.

"பதின்மூண்டு," என்றாள் மார்கிரட் அக்கா.

"என்ன?"

"பன்னிரண்டில்லை, பதின்மூண்டு நாள். பதினாலாம் நாள்தான் விழுந்தனான். உனக்குச் சொன்னனான்."

ராசமலர் பக்கத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு என்றுதான் இருந்தது. மூன்று ஆசிரியர், வெளியால் வந்த பரீட்சகர், சிவப்புப் பேனை, எல்லாரும் பார்த்த பக்கம். "குடுத்து முடிஞ்சுது அக்கா. இனி மாத்த ஏலாது."

"ஏலாதெண்டா? பிழையெல்லோ எழுதியிருக்கிறாய். கேட்டு மாத்து."

"ஏலாது."

"நீ கேட்டுப் பாக்காமல் ஏலாதெண்டு சொல்லாதை."

வாதாட ராசமலரிடம் பலம் இல்லை. ஓம், கேட்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அக்கா அடங்கிவிடுவாள், கேட்கவும் தேவையில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. "நான் கேக்க மாட்டன் அக்கா. பிழை என்ரதான்," என்றாள். மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, தன் பிரதியில் பன்னிரண்டை வெட்டி மேலே பதின்மூன்று என்று எழுதினாள். மார்கிரட் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, அந்த எண்ணைச் சரிபார்த்தாள்.